மேட்டுக்கு ஓடிய தேர்

2021ஆம் ஆண்டு வைகாசி மாதம் இரண்டாவது வாரத்திலிருந்து, ஸ்பிரிங்வெளிப் பக்கம் கல்லுப்பாலம் என்ற தேயிலைத் தோட்ட டிவிசனில், உருளக்கூடிய சாமான்கள் எல்லாம் பள்ளத்தை விட்டுவிட்டு மேட்டைப் பார்த்து உருளத் தொடங்கின. அன்றைக்குப் பதுளைச் சந்தையில் தேங்காய் ஒன்று எழுபத்தைந்து ரூபாய். முதலில் போனது இரண்டாம் லயத்து வரிசை வீட்டுப் பெரியாயியின் கையிலிருந்து தவறிய ஒரு வெங்காயம். அது வாசலைக் கடந்து, சாக்கடைக் கான் ஓரமாக நெளிந்து, கோயில் படிகளை ஒவ்வொன்றாக ஏறி, ஒன்பதாவது படியில் மூச்சு வாங்குவதுபோல் கொஞ்சம் நின்று, பிறகு உச்சியிலிருந்த மூன்று மாடி வீட்டின் கேட்டுக்கு அடியால் நுழைந்து மறைந்தது. முப்பத்தொன்பது வருசம் கொழுந்து எடுத்த கால்களோடு பெரியாயி பின்னாலேயே ஏறிப் போய்ப் பார்த்தார். வெங்காயம் முற்றத்துப் பளிங்குத் தரையின் நடுவில், வந்து சேர்ந்த திருப்தியோடு, ஆடாமல் அசையாமல் இருந்தது.

அந்த வீடு அவருடைய கூடப்பிறந்த தம்பி இராசையாவுடையது. இராசையாவும் அதே லயத்தில், அதே பத்தடிக் காம்பராவில் பிறந்தவர்தான். பதினாறு வயதில் பதுளையில் ஒரு மரக்கறிக் கடைக்கு மூட்டை தூக்கப் போனார், முப்பதில் ஒரு லொறி வாங்கினார், நாற்பதில் ஐந்து லொறி, அதற்குப் பிறகு ஊரார் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். பிறந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சாகவேண்டும் என்ற ஆசையில், தோட்ட எல்லைக்கு ஓரடி வெளியே காணி வாங்கி, மூன்று லயமும் முப்பத்தெட்டு வீடும் கண்ணுக்கு நேரே தெரிகிற மாதிரி வீட்டைக் கட்டினார். மூன்றாவது மாடியில் கடைசிப் பளிங்குக் கல்லைப் பதித்த அன்றைக்குத்தான் வெங்காயம் ஏறியது. வீட்டின் பாரத்தில் மலையே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நில அளவைக்கு வந்த நஸ்மியா என்ற அதிகாரி முக்காலியில் கருவியைப் பூட்டி இரண்டு நாள் அளந்து பார்த்தார். மலை சாயவில்லை, மட்டம் மிகச் சரியாக இருக்கிறது, சாமான்கள்தான் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். எழுதிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பேனாவும் போய்விட்டது.

இராசையா கெட்டவர் இல்லை. முதல் வருசம், வந்து சேர்ந்த எல்லாவற்றையும் பின்னேரம் ஐந்து மணிக்குக் கேட்டடியில் திருப்பிக் கொடுத்தார். ஆட்கள் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்பார்கள். அவருடைய மனைவி மீனாம்பாள் வரிசைக்கு ஏலக்காய் போட்ட பால் தேத்தண்ணி கொடுப்பார். ஆறு மாதத்தில் பால் நின்றது. பிறகு ஏலக்காய் நின்றது. அதன் பிறகு வாசலில் ஒரு காவற்காரர் மட்டும் நின்றார். திருப்பிக் கொடுத்த தேசிக்காய் அன்றிரவே மறுபடியும் ஏறி வருவதால், கொடுப்பதில் என்ன பிரயோசனம் என்பது இராசையாவுடைய கேள்வி. அதில் நியாயம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஊரும் பழகிக்கொண்டது. விஜயலெட்சுமி உளுந்து வடையைச் சதுரமாகத் தட்டத் தொடங்கினார், ஓட்டையும் சதுரம். குடங்களை வாங்கிய உடனேயே ஒரு பக்கம் உதைத்து நெளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வைத்தார்கள். பெற்றோல் இல்லாமல் நாடு முழுக்க வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில், கல்லுப்பாலத்து த்ரீவீலர்கள் மேட்டுக்கு எஞ்சின் போடாமலே ஏறின. இறங்கத்தான் பெற்றோல் வேண்டும். அப்படி இறங்க முடியாமல் போன பதினொரு த்ரீவீலர்கள் இராசையாவின் முற்றத்தில் ஒழுங்காக அடுக்கி நிறுத்தப்பட்டிருந்ததை ஹல்துமுல்லையிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கல்லுப்பாலத்தார் எதையும் சும்மா விட்டுவிடுகிறவர்கள் இல்லை. எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை வைத்திருந்தார்கள். பந்து போனபோது, சட்டி போனால் பார்ப்போம் என்றார்கள். சட்டி போனபோது, காஸ் சிலிண்டரில் கை வைக்கட்டும், அப்போது தெரியும் சங்கதி என்றார்கள். நாட்டில் காஸே இல்லாத பங்குனியில் ஜீவனின் வீட்டு சிலிண்டர், அதுவும் நிரம்பிய சிலிண்டர், பட்டப்பகலில் டமடம என்று படியேறிப் போனது. ஜீவன் தொழிற்சங்கத் தலைவர். அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே பாதி தூரம் கூடப் போய், சட்டை கிழிந்து திரும்பி வந்தார். அன்று, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடி, இதோடு சரி, இனிமேல் ஒன்று போகட்டும் என்று தீர்மானம் எடுத்தார்கள். அந்த "இனிமேல் ஒன்று" என்ன என்பதை முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். ஒவ்வொரு முறையும் பெரியாயிதான் கையை உயர்த்திப் பேசினார். "கொஞ்சம் பொறுங்க. எந்தம்பிதான். நான் போய்ப் பேசுறேன்." அக்கா சொன்னால் சரி என்று கலைந்தார்கள்.

பெரியாயி சொன்னபடி பேசப் போகாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. வீடு குடிபுகுந்த அன்று லயத்து ஆட்களுக்குப் பந்தல் வெளியே, பதுளைக் கடை முதலாளிமாருக்குச் சாப்பாடு உள்ளே. பெரியாயி பந்தலில் சாப்பிட்டுவிட்டு வந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

தண்ணீர் மேலே போகத் தொடங்கியது 2022 கார்த்திகையில். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் உருண்டையான சாமான் இல்லை என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். துளித் துளியாகப் பார்த்தால் அதுவும் உருண்டைதானே என்று ஜீவன் பின்னால் விளக்கம் சொன்னார், ஆனால் அதற்குள் லயத்துப் பீலி வற்றிவிட்டது. மலை ஊற்றிலிருந்து மூங்கில் வழியாகவும் பிறகு இரும்புக் குழாய் வழியாகவும் நூற்றைம்பது வருசமாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர், பாதி வழியில் யோசித்துத் திரும்பி, வெள்ளிக் கயிறு மாதிரி மேட்டில் ஊர்ந்து இராசையாவின் டேங்கில் விழுந்தது. டேங்க் நிரம்பியதும் இன்னொரு டேங்க் வைத்தார். அதுவும் நிரம்பியதும் நீச்சல் குளம் வெட்டினார். அவருக்கு நீச்சல் தெரியாது. லயத்து ஆட்கள் கீழ் ஆற்றுக்குப் போக முக்கால் மணி நேரம், சுமந்துகொண்டு ஏற ஒன்றேகால் மணி நேரம். பெரியாயியின் முழங்கால் அந்த மார்கழியில் வீங்கியது. அப்போதுதான் மேட்டுக்குப் போனார்.

காவற்காரர் கேட்டைத் திறந்தார். பெரியாயி உள்ளே வரவில்லை. இராசையாதான் வெளியே வந்தார்.

"பீலியில தண்ணி இல்ல தம்பி."

"கேள்விப்பட்டேன்க்கா. நான் ஒண்ணையும் எடுக்கல. அதுவா வருது."

"அதுவா வர்றத நீயா அனுப்பு."

"அனுப்புனா அதுவா திரும்பி வருதே. நான் என்ன செய்ய." அவர் உண்மையிலேயே கவலைப்பட்டார். "ஒண்ணு செய்யலாம். ஒன் வீட்டுக்கு மட்டும் ஒரு குழாய் போட்டு மோட்டர் வெச்சு அனுப்புறேன். நாளைக்கே ஆள் விடுறேன்."

"முப்பத்தெட்டு வீடு குளிக்காம இருக்கும்போது நான் மட்டும் குளிச்சிட்டு நிக்கணுமா? மணத்துலயே புடிச்சிருவாங்க."

"நீ எப்பவும் இப்படித்தான்க்கா."

"நீ அப்படி இல்லையே, அதச் சொல்லு."

இராசையா தண்ணீர் குடிக்கச் சொன்னார். அவர் அக்கா வேண்டாம் என்று சொல்லி இறங்கிவிட்டார்.

ஜீவன் பன்னிரண்டு அலுவலகங்களுக்கு மகஜர் அனுப்பினார். ஒன்பதிலிருந்து பதில் இல்லை, இரண்டிலிருந்து தவறான கடிதம் வந்தது, ஒன்றிலிருந்து மட்டும் "புவியீர்ப்பு எமது விடயதானத்தினுள் அடங்காது" என்று மும்மொழியிலும் பதில் வந்தது. வேலைநிறுத்தம் செய்யலாம் என்றால், யாருக்கு எதிராக என்று தெரியவில்லை. இராசையா தொரை இல்லை, தோட்டம் அவருடையதும் இல்லை. அடித்து உடைக்கலாம் என்று சில இளசுகள் சொன்னார்கள். ஆனால் அவர்கள் எறிந்த கற்களில் உருண்டையானவை எல்லாம் மிகப் பணிவாக முற்றத்தில் போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. கேட்டருகே பூச்சட்டிகளுக்கு அரணாக அவற்றை மீனாம்பாள் அடுக்கிவிட்டார். கடைசியில், நாகரிகமான ஊர் என்ன செய்யுமோ அதைச் செய்தார்கள். பட்டிமன்றம் வைத்தார்கள்.

தலைப்பு: ஓர் ஊர் பொறுத்துக்கொள்ளக்கூடியது இரண்டு மாடியா, மூன்று மாடியா? நடுவராகப் பதுளையில் புடவைக்கடை வைத்திருந்த பாலசுப்பிரமணியம் வந்தார். ஊவா முழுவதிலும் நாற்பது வருசமாக அவரே நடுவர். இரண்டு மாடி அணி, உழைப்பு எல்லாருக்கும் ஒன்றுதான், வியர்வைக்கு மட்டும் ஏன் வேறு வேறு விலை என்று கேட்டுக் கைதட்டல் வாங்கியது. மூன்று மாடி அணி, நம்ம ஆள் ஒருத்தன் மேலே போனால் காலைப் பிடித்து இழுக்கிற புத்தி நம்மைவிட்டு எப்போது போகும் என்று கேட்டது. அதற்கும் கைதட்டல். தட்டியவர்கள் அதே ஆட்கள்தான். மூன்றரை மணி நேரம் நடந்தது. வெளியே மழை பெய்து, மழையும் மேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடுவர் எழுந்து, நெற்றியைத் துடைத்து, செல்வமும் வேண்டும் சமத்துவமும் வேண்டும், இரண்டு அணியும் இரண்டு கண்கள், ஆகவே இரண்டு பக்கமும் சரி என்று தீர்ப்புச் சொன்னார்.

பெரியாயி மூன்றாவது வரிசையிலிருந்து எழும்பினார். "ரெண்டு பக்கமும் சரிங்க ஐயா. நான் கொடத்த எந்தப் பக்கம் தூக்கிட்டுப் போறது?"

நடுவர் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்சுக்குப் போய்விட்டார்.

இராசையாவுக்குப் பட்டிமன்றத்துச் செய்தி போனது, மனசு கஷ்டப்பட்டது. ஊருக்கு ஏதாவது நல்லது செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். முத்துமாரியம்மன் கோயில் தேரின் மரச் சக்கரங்கள் தேய்ந்து, கோணலாகி, ஏறக்குறைய எண்கோணமாக இருந்தன. ஊரில் உருளாமல் மிச்சமிருந்த ஒரே சக்கர வாகனம் அதுதான். வருசா வருசம் திருவிழாவில் நூறு பேர் இழுத்தாலும் நொண்டிக்கொண்டுதான் நகரும். 2023 ஆனித் திருவிழாவுக்கு இராசையா தன் செலவில் நான்கு லொறிச் சக்கரம், புதுசு, பேரிங்கோடு போட்டுக்கொடுத்தார். உபயகாரர் பெயரைச் சக்கரத்தில் பெயின்டால் எழுதினார்கள். ஜீவன் நன்றியுரை வாசித்தார். இரண்டு வருசமாக வடையைச் சதுரமாகத் தட்டிய அந்த ஊரில், அன்றைக்கு ஒருத்தருக்குக்கூட யோசனை ஓடவில்லை.

தேரன்று அம்மன் ஏறி, தெமோதரையிலிருந்து வந்த பூசாரி ஏறி, தப்பு முழங்கி, வடம் பிடித்து, தேரடியிலிருந்து கீழ் லயத்துப் பக்கம் ஒரு சாண் நகர்த்தினார்கள். கட்டையை எடுத்ததும் தேர் நின்றது, ஒரு தடவை குலுங்கியது, பிறகு மேட்டைப் பார்த்துப் புறப்பட்டது. வடத்தை விடாமல் தொங்கிய பதினேழு பேரையும், தீபத்தட்டோடு நின்ற பூசாரியையும் ஏற்றிக்கொண்டு, வளைவுகளில் ஹோர்ன் இல்லாத குறை ஒன்றுதான், பதுளை பஸ்சின் வேகத்தில் போனது. தப்புக்காரர்கள் அடிப்பதை நிறுத்தாமல் பின்னால் ஓடி இருபது நிமிசம் கழித்துச் சேர்ந்தார்கள். தேர் இராசையாவின் கேட்டுக்கு முன்னால், வீட்டைப் பார்த்தபடி, ஒரு பூ உதிராமல் நின்றிருந்தது. தீபம்கூட அணையவில்லை.

தப்புக்காரர்கள் தப்பை இறக்கி வைத்தார்கள். பந்து, சட்டி, சிலிண்டர், தண்ணீர் என்று எல்லையை நகர்த்தி நகர்த்தி வந்த ஊருக்கு இனி நகர்த்த இடம் இருக்கவில்லை. முந்நூறு பேரும், பெண்கள் உட்பட, பெரியாயியைப் பார்த்தார்கள். அவர் பொறுங்க என்று சொல்லவில்லை. சிலர் கையில் இந்தத் தடவை சதுரக் கல் இருந்தது. இராசையா மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அம்மன் தன்னைத் தேடி வந்துவிட்டாள் என்று அவருக்குக் கண் கலங்கியிருந்தது, ஆட்களின் கையை அவர் பார்க்கவில்லை.

பெரியாயி பார்த்தார். தம்பியையும் பார்த்தார், கல்லையும் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தேருக்குப் பக்கத்தில், கேட்டுக்கு நடுவில், சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி," என்றார். "எல போடு."

கல்லுப்பாலத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் ஒருமுறை பெருமழையில் தேர் முதலாம் லயத்து வாசலில் மூன்று நாள் புதைந்து நின்றபோது வந்தது. தேர் எந்த வாசலில் தங்குகிறதோ, அந்த வீட்டார்தான் தேர் கிளம்பும்வரை வடம் பிடித்தவர்களுக்குச் சோறு போடவேண்டும். அந்த வாசல் கதவைச் சாத்தக்கூடாது. தண்ணீர் என்று வந்து நின்றவருக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. அது இராசையாவுக்கும் தெரியும். அவரும் அந்த லயத்துப் பிள்ளைதான். கற்களைக் காட்டுக்குள் போட்டுவிட்டு முந்நூறு பேரும் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மீனாம்பாள் வாழையிலை போதாமல் தேக்கிலை வெட்டச் சொன்னார். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம். இராசையா தானே பரிமாறினார். பெரியாயி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கம்மி," என்றார். அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மறுநாள் காலையில் தேரை இறக்க நூறு பேர் இழுத்தார்கள். அசையவில்லை. மதியம் டிராக்டர் இழுத்தது. சாயங்காலம் இராசையாவின் லொறியே இழுத்து, கிளட்ச் கருகியது. நேரமாகிவிட்டது என்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாளும் இப்படியே. ஒரு வாரத்தில், இழுக்கிற வேலையைக் குறைத்து, சாப்பிடுகிற வேளைக்கு மட்டும் வடத்தை மரியாதைக்கு ஒரு தடவை தொட்டுவிட்டு உட்காரும் முறை ஏற்பட்டது. கேட் திறந்தே இருந்தபடியால் ஆட்கள் குடத்தோடு வந்து டேங்கில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். இறங்கு பாதையில் சுமந்து போவது பெரிய சிரமமில்லை. நீச்சல் குளத்தில் துணி துவைத்தார்கள். த்ரீவீலர்காரர்கள் தங்கள் வண்டிகளை அடையாளம் கண்டு, சாய்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஜீவன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். காஸ் தீர்ந்திருந்தது, ஆனாலும் போனார்.

இராசையா முதல் மாதம் பெருமைக்குப் பரிமாறினார். இரண்டாம் மாதம் வழக்கத்துக்குப் பரிமாறினார். மூன்றாம் மாதம் ஒரு லொறியை விற்றார், சத்தம் போட்டுப் பார்த்தார், ஒரு வக்கீலிடமும் போனார். தேருக்கு வழக்குப் போட முடியாது என்று வக்கீல் சொன்னார். ஐந்தாம் மாதம் இன்னொரு லொறி போனது. அந்தப் பணத்தில் அரிசி வந்திறங்கிய அன்று, வெறும் களைப்பில், பரிமாறுகிற வாளியை யார் கையிலோ கொடுத்துவிட்டுப் பெரியாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஜீவன் மட்டும், "அண்ணே, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, வரிசை கோணுது," என்றார். அன்றிரவு இராசையா மூன்று வருசத்துக்குப் பிறகு தூக்க மாத்திரை போடாமல் தூங்கினார்.

அந்த மார்கழியில் பீலியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தைப்பொங்கலுக்கு விரல் தடிமனுக்கு விழுந்தது. மாசியில் பழையபடி கொட்டியது. பெரியாயி வெளிச்சம் வந்ததும் போய் அதன் கீழே தலையைக் கொடுத்து அரை மணி நேரம் நின்றார். அன்று பெரட்டுக்குப் பிந்தியதற்கு அரைநாள் சம்பளம் மட்டும் என்று அரைப்பேர் போட்டார்கள், அவர் வாதாடவில்லை. சாமான்களும் ஏறுவதை நிறுத்தின. நடுவில் ஒரு வாரம் கணக்குக் கொஞ்சம் பிசகி, இராசையாவின் பூசணிக்காய்கள் லயத்துக்கு உருண்டு வந்தன. பெரியாயி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார், இரண்டைத் தவிர. அதற்குப் பிறகு கல்லுப்பாலத்தில் வைத்தது வைத்த இடத்திலேயே இருந்தது. இராசையாவிடம் இப்போது இரண்டு லொறியும் ஒரு கடையும் இருக்கின்றன. மூன்றாவது மாடியில் லயத்துப் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். லயத்து ஆட்கள் சாப்பிட வரும்போது தோட்டத்து போஞ்சியோ, ஒரு கட்டு விறகோ, ஒரு சுண்டு அரிசியோ கொண்டுவருகிறார்கள். மீனாம்பாள் ஏலக்காயைத் திரும்பவும் வாங்கத் தொடங்கியிருக்கிறார்.

2024 ஐப்பசியில் ஒரு மத்தியானம், கை கழுவிவிட்டு வந்த ஜீவன், செருப்பு வாரை மாட்டுவதற்காகத் தேரில் ஒரு கையை ஊன்றினார். தேர் ஓசையில்லாமல் ஒரு முழம் பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. ஜீவன் செருப்பை மாட்டாமல் அப்படியே நின்றார். சுற்றிலும் பார்த்தார். முற்றத்தில் அப்போது நாற்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் பார்த்திருந்தார்கள், எல்லாரும் உடனே ரசத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஜீவன் தேரைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். விசயம் சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் எல்லாரும் வழக்கம்போல வந்து, வடத்தைத் தொட்டு, அசையவில்லை என்று ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். பதுளை பஸ்சின் நடத்துநர்கள் இப்போது அந்த இடத்தைத் தேர்வாசல் என்று கூப்பிட்டு இறக்கிவிடுகிறார்கள். விடிந்ததும் முதல் ஆளாக அங்கே வருவது இராசையாதான். கல் இளகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, காலால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கிவிட்டு, அக்காவுக்கு உப்புப் பார்க்க உள்ளே போகிறார்.